ஏழில் தப்பிய எண்

வேலை நேரத்தில் லைனிலிருந்து ஒருவரை எழுப்பிக் கூட்டிப்போனால் இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். வீட்டில் சாவு. இல்லையென்றால் ஆள் மாட்டிக்கொண்டாள். அன்று காலை ஒன்பதரை மணிக்கு லைன் லீடர் எழிலரசி வந்து தோளைத் தொட்டபோது, சுகப்பிரியாவுக்கு முதலில் அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

"வூட்டுல ஒண்ணுமில்ல, பயப்புடாத. செக்யூரிட்டி ரூமுக்கு வரச் சொல்றாங்க" என்றாள் எழிலரசி. பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னா பண்ணி வச்ச நீ?" என்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணலையே அக்கா."

"மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி வச்சுக்கினு கீறாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

ஸ்ரீபெரும்புதூரில் செல்போனுக்கான போர்டுகள் செய்யும் தொழிற்சாலை அது. 2008ஆம் வருடம், செப்டம்பர் மாதம். சங்கரன்கோயில் பக்கத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பயிற்சித் தொழிலாளியாக வந்தவள் சுகப்பிரியா. பதினெட்டு மாதப் பயிற்சியில் பதினைந்து மாதம் முடிந்திருந்தது. மூன்றாம் லைனில் ஓடிவரும் போர்டுகளை லென்ஸ் வழியாகப் பார்த்து, பழுது இருந்தால் எடுத்துத் தனியே வைப்பது அவள் வேலை. ஒவ்வொரு போர்டிலும் அரிசி மணி அளவு எழுத்தில் ஒன்பது இலக்க எண் அச்சிட்ட லேபிள் இருக்கும்.

ஜூன் மாதத்திலிருந்து போர்டுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஆகஸ்டில் இருப்புக் கணக்கெடுத்தபோதுதான் அது தெரியவந்தது. அதன் பிறகு வாசலில் சோதனை இருமடங்கானது. தலைப்பின்னலைக்கூட அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். காண்டீனில் பெண்கள் ஒருவரோடொருவர் பேசுவது குறைந்துபோனது.

செக்யூரிட்டி அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் பாதுகாப்பு அதிகாரி ஆறுமுகநயினார். ராணுவத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர், அம்பாசமுத்திரத்துக்காரர். ஓரத்து நாற்காலியில் மனிதவளப் பிரிவின் சங்கரநாராயணன், கையில் ஒரு கோப்போடு. மேஜையின் நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள், உள்ளங்கை அகலத்தில் ஒரு மெழுகுத்தாள்.

சுகப்பிரியாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. லேபிள் சுருளை உரித்த பின் மிஞ்சும் பின்தாள் அது. குப்பைக்குப் போக வேண்டியது. ஒருநாள் வேலைக்குப் போடும் கோட்டின் பையில் தவறி விடுதிக்கு வந்துவிட்டது. மறுபக்கம் வழவழப்பு இல்லாமல் இருந்ததால் அதில் எழுதினாள். திரும்ப அதே பையில் வைத்தாள். கோட்டைச் சலவைக்குப் போட்டபோது எடுக்க மறந்துவிட்டாள்.

"இது யார் கையெழுத்து?" என்றார் ஆறுமுகநயினார்.

"என்னோடதுதான் சார்."

"ஒத்துக்கிட்டியே, நல்லது. உள்ள பேப்பரே கொண்டாரக் கூடாது, தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார்."

அவர் உறையை அவள் பக்கம் திருப்பினார். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்து எண்கள். எல்லாமே ஒன்பது இலக்கம். முதலாவது 147258963. கடைசி 987654321. ஒன்பது எண்கள் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தன. ஒன்றைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டம்.

381654729.

"எங்க லேபிளும் ஒன்பது இலக்கம். நீ எழுதினதும் ஒன்பது இலக்கம். எழுதினது லேபிள் தாள்ல. ஒன்பதை அடிச்சிருக்க, ஒண்ணை வளைச்சிருக்க. யாருக்குக் குடுக்க எழுதின?"

"யாருக்கும் இல்ல சார். அது... ஒரு கணக்கு."

"என்ன கணக்கு?"

யாரிடமும் சொல்லாத விஷயம். சொன்னால் சிரிப்பார்கள் என்று வைத்திருந்த விஷயம். அதைச் சிரிக்காத இரண்டு பேரிடம் இப்போது சொல்ல வேண்டியிருந்தது.

"ஒண்ணுலருந்து ஒன்பது வரைக்கும் எல்லா இலக்கமும் ஒரே ஒரு தடவை வரணும் சார். முதல் ரெண்டு இலக்கத்தை மட்டும் எடுத்தா ரெண்டால மீதியில்லாம வகுபடணும். முதல் மூணை எடுத்தா மூணால. முதல் நாலு, நாலால. இப்படியே ஒன்பது வரைக்கும். அந்த மாதிரி ஒரு எண் இருக்கான்னு தேடினேன்."

சங்கரநாராயணன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். மேஜையில் கிடந்த கால்குலேட்டரை இழுத்துக்கொண்டார்.

"38ஐ ரெண்டால வகுத்தா 19. சரி. 381ஐ மூணால... 127. 3816, நாலால, 954." அவர் விரல் வேகம் குறைந்தது. "38165, அஞ்சால, 7633. 381654ஐ ஆறால... 63609. ஏழு இலக்கம். 3816547." அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார். புள்ளி இல்லை. "545221" என்றார் மெதுவாக. பிறகு எட்டையும் ஒன்பதையும் போட்டார். இரண்டிலும் மீதி வரவில்லை.

"சார், இது நிஜமாவே வகுபடுது" என்றார் ஆறுமுகநயினாரிடம்.

"மத்த ஒன்பது?"

"அதெல்லாம் ஏழுல தோத்துப்போச்சு சார்" என்றாள் சுகப்பிரியா. கேட்பார்கள் என்று தெரிந்ததும் அவளையறியாமல் பேச்சு வந்தது. "அஞ்சாவது இடத்துல அஞ்சு மட்டும்தான் வர முடியும். ரெண்டு, நாலு, ஆறு, எட்டாவது இடங்கள்ல இரட்டை இலக்கம்தான் வரும். நாலாலயும் எட்டாலயும் வகுபடணும்னா நாலாவது எட்டாவது இடத்துல ரெண்டோ ஆறோதான் வரணும். இப்படிக் கழிச்சுட்டே வந்தா கடைசியில பத்து எண்தான் மிஞ்சும். பத்தையும் எழுதி, ஏழால வகுத்துப் பார்த்தேன். ஒண்ணுதான் தப்பிச்சுது. உலகத்துலயே அந்த மாதிரி எண் அது ஒண்ணுதான் சார்."

"உலகத்துலயே" என்று ஆறுமுகநயினார் திருப்பிச் சொன்னார். "யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல சார். நானாத்தான்."

"இந்த யோசனை எப்படி வந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் படித்தது என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். "லேபிளப் பார்த்துத்தான் சார்" என்றாள். "எட்டு மணி நேரமும் நம்பர்தான் கண்ணுல ஓடும். சும்மா மூணால வகுபடுதா, ஒன்பதால வகுபடுதான்னு மனசுக்குள்ள பார்ப்பேன். அப்புறம்தான் இது தோணுச்சு."

ஆறுமுகநயினார் சங்கரநாராயணனைப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எண்ணை எழுதினார். நிதானமாக மூன்று கோடுகள் போட்டுப் பிரித்தார்.

3 | 8 | 165 | 4729

"கணக்காவே இருக்கட்டும். இப்ப நான் வாசிக்கேன், கேளு. முதல் இலக்கம் லைன் நம்பர். மூணாவது லைன். யாரு லைன்? உன் லைன். அடுத்தது வருஷம். ரெண்டாயிரத்து எட்டு. அடுத்த மூணும் வருஷத்துல எத்தனாவது நாள்ங்கது. நூத்தி அறுபத்தஞ்சு. ஜூன் பதிமூணு. கடைசி நாலும் அன்னைக்கு ஓடின போர்டோட வரிசை. நாலாயிரத்து எழுநூத்தி இருபத்தொன்பது. போர்டு காணாமப் போக ஆரம்பிச்சது எந்த மாசம்?"

அவள் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்.

"ஜூன். சரி, நீ அடிச்ச ஒன்பதையும் பார்ப்போம். ஏழுல ஆரம்பிக்கதும் ஒன்பதுல ஆரம்பிக்கதும் செல்லாது. நமக்கு ஆறு லைன்தான். 147ன்னு ஆரம்பிக்கது ஒண்ணு, ரெண்டாயிரத்து நாலாம் வருஷம். அப்ப இங்க கட்டடமே கிடையாது. இன்னும் ரெண்டு எண்ல தொள்ளாயிரத்து அறுபத்தஞ்சாவது நாள் வருது. வருஷத்துக்கு அத்தனை நாள் ஏது? 183ன்னு ஆரம்பிக்கது ஒண்ணு, அது வரப்போற டிசம்பர் முப்பது. இன்னும் செய்யாத போர்டு. ஆகப் பத்துல ஒன்பது இல்லாத போர்டு, அடிச்சிருக்க. இருக்கக்கூடிய ஒரே ஒரு போர்டை வளைச்சிருக்க. இது எந்த ஊர்க் கணக்கும்மா?"

சுகப்பிரியா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக மனதுக்குள் வைத்துக் கொஞ்சிய எண் அது. அதை ஒருமுறைகூட லேபிளாக அவள் வாசித்துப் பார்த்ததில்லை. இப்போது அது தன்னைக் காட்டிக்கொடுப்பதுபோல இருந்தது. ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. எப்போதோ லென்ஸுக்கு அடியில் இதைப் பார்த்து, மனதில் தங்கி, அதைத்தான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டோமோ?

"அந்த போர்டு என்ன ஆச்சுன்னு கம்ப்யூட்டர்ல பார்க்கலாமே சார்" என்றாள்.

"பார்த்தாச்சு. அப்படி ஒரு எண்ணே அதுல இல்ல."

"அப்படின்னா..."

"அப்படின்னா யாரோ அழிச்சிருக்கான். உள்ள ஒரு ஆளு இல்லாம இது நடக்காது. அந்த ஆளு பேரைச் சொல்லிட்டா உனக்கு நல்லது."

மதியம் வரை இதையே சுற்றிச்சுற்றிக் கேட்டார்கள். கடைசியில் சங்கரநாராயணன் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிடும்வரை விடுதியிலேயே இருக்கச் சொன்னார். கம்பெனி வேனில், முன்னிருக்கையில் ஒரு வாசல் காவலரோடு, அவள் தனியாகக் குன்றத்தூரில் இருந்த விடுதிக்குத் திரும்பினாள்.

விடுதியில் ஒரே அறையில் எட்டுப் பேர். அவள் வருவதற்கு முன்பே செய்தி வந்திருந்தது. மாலையில் வேலை முடிந்து வந்தவர்கள் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இதுவரை பூட்டாமல் கிடந்த பெட்டிகளுக்கு அன்று பூட்டு வந்தது. ஒருத்தி தன் சோப்பைக்கூட எடுத்து உள்ளே வைத்தாள். மாரிசெல்வி மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கோவில்பட்டிக்காரி, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், பதினைந்து மாதமாகப் பக்கத்துப் பாய். அவள் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது சுகப்பிரியாவுக்கு உறுத்தியது.

கோட்டுகள் சலவையிலிருந்து மொத்தமாகத்தான் வரும். பெயர் எழுதியிருக்காது. அப்படியானால் அந்தத் தாள் தன்னுடையது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? தன் கையெழுத்து தெரிந்தவள் அந்த ஆலையிலேயே ஒருத்திதான். ஊருக்குப் போட்ட கடிதங்களை எழுதும்போது பக்கத்தில் படுத்திருந்தவள்.

கையெழுத்தோடு நிறுத்தியிருப்பாளா? இன்னும் என்னென்ன சொன்னாளோ? ஒருவேளை அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்ததே இவள்தானோ? நினைக்க நினைக்க மாரிசெல்வி செய்த ஒவ்வொன்றும் வேறு விதமாகத் தெரிந்தது. போன வாரம் ஏன் பெட்டியைத் திறந்து ஊசி தேடினாள்? போன மாதம் மூன்றாம் லைனிலிருந்து வேறு லைனுக்கு ஏன் மாற்றிக் கேட்டுப் போனாள்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. எல்லோரும் வேலைக்குப் போன பின், காலண்டரை எடுத்து வைத்து நாட்களை எண்ணினாள். ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31... கூட்டிக்கொண்டே வந்தால் நூற்று அறுபத்தைந்தாவது நாள் ஜூன் பதினான்கில் விழுந்தது. அதிகாரி பதிமூன்று என்று சொன்னார். தப்பாக எண்ணிவிட்டாரா? மறுபடி பார்த்தபோது பிப்ரவரியில் இருபத்தொன்பது நாள் இருந்தது. அந்த ஆள் லீப் வருஷத்தைக்கூட விடவில்லை.

ஜூன் பதிமூன்று, வெள்ளிக்கிழமை. அன்று எந்த ஷிஃப்ட்? காலை ஷிஃப்ட். அப்புறம்?

அப்புறம்தான் நினைவு வந்தது. பதினோரு மணிக்கு மூன்றாம் லைனின் மின்பலகை புகைந்துபோனது. லைனை நிறுத்தி எல்லோரையும் காண்டீனில் உட்காரவைத்தார்கள். இன்று ஓடாது, நாளைக்குத்தான் என்று சொல்லி வேனில் அனுப்பிவிட்டார்கள். அப்படிக் கிடைத்த பகலில் நாலைந்து பேர் செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்க்கப் போனார்கள். கரையில் நின்று படம் எடுத்தார்கள். ஆனால் அது ஜூன் பதிமூன்றுதானா? அடுத்த வாரமாகவும் இருக்கலாம். படத்தில் தேதி இருக்கும். படம் மாரிசெல்வியின் போனில் இருந்தது.

மாரிசெல்வி மூன்று மணிக்கு வந்தாள். சுகப்பிரியா அவள் கை கால் கழுவி வரும்வரை காத்திருந்தாள்.

"உன் போனைக் கொஞ்சம் குடு. ஏரியில எடுத்த படம் பார்க்கணும்."

மாரிசெல்வி போனைக் கொடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தாள்.

"ஏட்டி, நான் வேணும்னு சொல்லல. எங்க புது லைன்ல எல்லாரையும் நிக்க வச்சு அந்தத் தாளைக் காட்டுனாக. ஏழாம் நம்பரை நீ குறுக்க கோடு போட்டு எழுதுவேல்லா, அதப் பார்த்ததும் என் மூஞ்சி மாறிட்டு. அந்த ஆளு பிடிச்சுக்கிட்டாரு. கேட்டாக, சொன்னேன்."

"வேற என்ன சொன்ன?"

"வேற ஒண்ணும் சொல்லல. சத்தியமா."

"ஊசி தேடினது?"

"எந்த ஊசி?" மாரிசெல்வி உண்மையிலேயே புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. அழுகை நின்றது. "நீயும் என்னைய அப்படித்தான் நெனைச்சியா?"

சுகப்பிரியாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மாரிசெல்வி போனைப் பாயில் வைத்துவிட்டு வெளியே போய் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். படத்தில் நான்கு பேர், பின்னால் தண்ணீர், சுகப்பிரியா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். விவரத்தைத் திறந்தால் தேதி இருந்தது. 13-06-2008, பகல் 1.42.

அடுத்த நாளும் அவர்கள் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை, யாரும் கூப்பிடாமலே, இரண்டு பேரும் காலை வேனில் ஏறிப் போனார்கள். மாரிசெல்வி பேசவில்லை, ஆனால் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். வாசலில் போனை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். சங்கரநாராயணன் வாசலுக்கே வந்தார். கொஞ்ச நேரத்தில் ஆறுமுகநயினாரும் வந்தார். படத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார்.

"போன்ல தேதியை யாரு வேணும்னாலும் மாத்தலாம்" என்றார்.

"அப்படின்னா எழிலரசி அக்காவைக் கேளுங்க சார்" என்றாள் சுகப்பிரியா. "மணிக்கு எத்தனை போர்டு ஓடுதுன்னு அவங்க நோட்டுல எழுதுவாங்க."

எழிலரசி வந்தாள். என்ன நடக்கிறதென்று கேட்டுக்கொண்டாள். லைன் அலமாரியிலிருந்து ஜூன் மாத நோட்டை எடுத்துவந்து வாசல் மேஜைமேல் பிரித்துப் போட்டாள். பதிமூன்றாம் தேதிப் பக்கத்தில், பத்திலிருந்து பதினொன்று வரையான வரியில் அதுவரை ஓடிய போர்டுகளின் மொத்தம் 1742. அதற்குக் கீழே சிவப்பு மையில் 'லைன் நிறுத்தம்'. அதன் பிறகு பக்கம் வெறுமையாக இருந்தது.

"அன்னிக்கு ரெண்டாயிரமே தாண்டல. நாலாயிரத்து எழுநூறு எங்கருந்து வரும் சார்? அந்த நம்பர் கம்ப்யூட்டர்ல ஏன் இல்லன்னா, அந்த போர்டு பொறக்கவே இல்ல" என்றாள். பிறகு, "இதுக்கா மூணு நாளா என் லைன்ல ஆள் கம்மி?" என்றாள்.

சங்கரநாராயணன் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். "தாள் உள்ள கொண்டுபோனதுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் இருக்கும்" என்றார். ஆறுமுகநயினார் நோட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தார், வேறு மை ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்ப்பவர்போல.

ஒன்பது நாள் கழித்து, ஷிஃப்ட் முடிந்து வேனுக்கு நிற்கும்போது அவர் அவளைத் தனியே கூப்பிட்டார். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய கையில் பத்து இருபது தாள்கள் மடித்து இருந்தன. எல்லாவற்றிலும் வகுத்தல் கணக்கு.

"பத்துதான் மிஞ்சும்னு சொன்னேல்லா. நான் நம்பல. பதினொண்ணாவதா ஒண்ணை நீ மறைச்சிருக்கன்னுதான் நெனைச்சேன். அதுதான் நிஜமான நம்பரா இருக்கும்னு." அவர் தாளைப் பார்த்தபடியே பேசினார். "நாலாவது இடத்துல ரெண்டு வந்தா ஆறாவது இடத்துல எட்டு. நாலாவது ஆறுன்னா, ஆறாவது நாலு. வேற வழி இல்ல. மூணு தடவை போட்டுட்டேன். பத்துதான் வருது."

"ஆமா சார்."

"ஒன்பதும் ஏழுல விழுந்துட்டு." அவர் தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "நீ சொன்னது சரிதான்."

அவ்வளவுதான் சொன்னார். அது மன்னிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த எண்ணை அவளைத் தவிர இன்னொருவர் முழுதாகப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தபோது, வேனில் ஏறியதும் அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரிசெல்வி என்னவென்று கேட்கவில்லை. கைக்குட்டையை மட்டும் மடிமேல் போட்டாள்.

நவம்பரில் திருடர்கள் பிடிபட்டார்கள். பழுதான போர்டுகளைக் கழிவுக்கு ஏற்றும் தொட்டியில், நல்ல போர்டுகளையும் சேர்த்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மூன்று பேர். மூன்றாம் லைனுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

டிசம்பரில் பயிற்சி முடிந்தவர்களில் யாரை நிரந்தரமாக்கவில்லை என்று பட்டியல் ஒட்டினார்கள். அறுபத்திரண்டு பெயர்கள். சுகப்பிரியாவின் பெயர் மூன்றாவது. மாரிசெல்வியின் பெயரும் கீழே இருந்தது. சுகப்பிரியா சங்கரநாராயணனிடம் போய் நேராகவே கேட்டாள்.

"அந்தத் தாளுக்காகவா சார்?"

"இல்லம்மா. வெளிநாட்டு ஆர்டர் குறைஞ்சுபோச்சு. இந்தப் பட்டியல் ஆகஸ்டுலயே தயார். உன் விஷயம் செப்டம்பர்லதானே?"

அவர் முகத்தைப் பார்த்தாள். உண்மையாகவும் இருக்கலாம். அந்த ஆகஸ்ட் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேட்க அவளுக்கு உரிமை இல்லை.

இரண்டு பேரும் ஊருக்குப் போகவில்லை. வல்லம் வடகாலில் ஒரு அறை எடுத்தார்கள். ஜனவரியில் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். நேர்முகத்தில் இருந்தவர் அவளுடைய சான்றிதழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். எச்சரிக்கைக் கடிதத்தின் நகல் எப்படியோ அந்தச் சான்றிதழ்களோடு வந்திருந்தது. அதை இரண்டு முறை வாசித்தார்.

"உள்ள பேப்பர் கொண்டுபோனீங்களா? என்ன பேப்பர்?"

"கணக்கு போட்டேன் சார்."

"என்ன கணக்கு?"

சுகப்பிரியா பக்கத்து நாற்காலியில் இருந்த மாரிசெல்வியைப் பார்த்தாள். மாரிசெல்வி லேசாகத் தலையசைத்தாள்.

"பேனா இருந்தாக் குடுங்க சார், காட்டுறேன்" என்றாள்.

அவர் பேனாவைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவளுடைய கையையே கவனிக்க ஆரம்பித்தார்.